கயாக் மாரத்தானுக்கு வருகிறீர்களா? படகை மட்டும் முதலில் வாங்காதீர்கள்

என் வீட்டுப் பின்தோட்டத்தில் ஒரு படகு இரண்டு வருடமாகக் கவிழ்ந்து கிடக்கிறது. 5.2 மீட்டர் நீளம். நடுவில் உட்காரும் குழி என் இடுப்பைவிட நாலு விரல்தான் அகலம். தென் இங்கிலாந்தில் ரெடிங்குக்குக் குடிவந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேம்ஸ் ஓரம் நடந்துகொண்டிருந்தேன். கத்தி மாதிரி மெலிந்த படகுகளில் நாலு பேர் சத்தமே இல்லாமல் கடந்துபோனார்கள். அன்று ராத்திரியே பழைய சாமான் விற்கும் தளத்தில் 350 பவுண்டுக்கு அப்படி ஒன்றைப் பேசி முடித்துவிட்டேன். அடுத்த வாரம் அதில் ஏறி உட்கார்ந்து மூன்று எண்ணுவதற்குள் தண்ணீருக்குள் இருந்தேன். அன்றைக்கு மட்டும் பதினோரு தடவை கவிழ்ந்தேன். கரையிலிருந்து இருபது மீட்டர்கூடத் தாண்டவில்லை.

இந்த விளையாட்டுக்குப் பெரிய செலவு கிடையாது. செய்ய வேண்டியதை வரிசை மாற்றிச் செய்தால்தான் காசு கரையும். நான் கடைசியில் செய்திருக்க வேண்டியதை முதலில் செய்தேன், முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தேன். நீங்கள் அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எல்லாமே இங்கிலாந்து நிலவரம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனி சங்கங்கள் இருக்கின்றன. படிகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரு பெயர்க் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். இந்த ஊரில் நெடுந்தூரத் துடுப்புப் படகுப் பந்தயத்துக்கு ‘கனூ மாரத்தான்’ என்று பெயர் வைத்திருப்பார்கள். போய்ப் பார்த்தால் பத்துக்கு ஒன்பது படகு கயாக்காக இருக்கும், அதாவது கால் நீட்டி உட்கார்ந்து இருபக்கத் துடுப்பால் தள்ளுவது. ஒருவர் படகு கே-1, இருவர் படகு கே-2. மண்டியிட்டு ஒருபக்கத் துடுப்பு போடும் சி-1, சி-2 படகுகளும் உண்டு, ஆட்கள்தான் குறைவு.

1. நீச்சல் தெரியுமா?

இந்த ஒரு கேள்வியில் நம்மில் பாதிப்பேர் நின்றுவிடுவோம். ஊர்க் கிணற்றில் சிறுவயதில் குதித்ததை எல்லாம் கணக்கில் சேர்க்காதீர்கள். மெல்லிய உடையோடு, உயிர் மிதவைச் சட்டை இல்லாமல், 50 மீட்டர் நீந்த முடிய வேண்டும். கிளப்பில் சேரும் படிவத்தில் ‘ஆம்’ என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். யாரும் குளத்துக்குக் கூட்டிப்போய்ச் சோதிக்க மாட்டார்கள். அதனால்தான் சும்மா டிக் அடித்துவிடும் ஆசை வரும். அடிக்காதீர்கள்.

எனக்கு 36 வயதில்தான் நீச்சல் வந்தது. கவுன்சில் நீச்சல்குளங்களில் பெரியவர்களுக்கென்றே தனி வகுப்பு இருக்கிறது. வாரம் ஒரு நாள், அரை மணி நேரம். எனக்கு நாலு மாதம் ஆயிற்று. குளிர்காலத்தில் ஆற்றுக்கு எப்படியும் போகப்போவதில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை நீச்சலுக்கு ஒதுக்கிவிட்டால் காலம் வீணாகாது.

2. கிளப்: ஏப்ரலில் கதவைத் தட்டுங்கள்

தேம்ஸ் ஓரத்திலும் கால்வாய் ஓரங்களிலும் கிளப்கள் நிறைய உண்டு. ரிச்மண்ட், டெடிங்டன், கில்ட்ஃபோர்டு, ரெடிங், நியூபரி என்று ஒவ்வொரு ஊரிலும் ஒன்றாவது இருக்கும். தேடும்போது கவனிக்க வேண்டியது, அது பந்தயம் ஓட்டும் கிளப்பா என்பதை. கடல் கயாக், நுரைத்துப் பாயும் ஆற்றில் ஓட்டும் வெள்ளைநீர்க் கயாக் கிளப்களும் இருக்கின்றன. அங்கே நல்ல மனிதர்கள் இருப்பார்கள்; உங்களுக்கு வேண்டிய படகுதான் இருக்காது. ‘ஹாஸ்லர் பந்தயத்துக்குப் போகிறீர்களா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் (நாடு முழுக்க நடக்கும் மாரத்தான் பந்தய வரிசை அது, 8-ல் சொல்கிறேன்). போகிறோம் என்றால் சரியான இடம்.

புதியவர்களுக்கான பயிற்சி பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் தொடங்கும். மார்ச் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்களே, அதற்கப்புறம்தான் வேலை முடிந்து வந்து ஆற்றில் இறங்க வெளிச்சம் கிடைக்கும். நாலு முதல் ஆறு வாரம் வரை நடக்கும் தொடக்கப் பயிற்சிக்கு 80 முதல் 150 பவுண்டு வரை ஆகலாம். படகு, துடுப்பு, மிதவைச் சட்டை எல்லாம் கிளப்பே தரும். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். பிப்ரவரியிலேயே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பதில் வராவிட்டால் மனம் தளர வேண்டாம். கிளப்களை நடத்துபவர்கள் எல்லாருமே வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் இதைச் செய்பவர்கள். எனக்கு மூன்று மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நேரில் போய் நின்றேன். ஐந்து நிமிடத்தில் ஒரு படகில் உட்கார வைத்துவிட்டார்கள்.

மாணவராக வந்திருப்பவர்கள் முதலில் உங்கள் பல்கலைக்கழகத்திலேயே கிளப் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே செலவு இன்னும் குறைவு.

3. கட்டணம் இரண்டு, ஒன்று கட்டினால் போதாது

இதில்தான் நான் சரியாக மாட்டிக்கொண்டேன்.

முதலாவது, கிளப் சந்தா. ஊரைப் பொறுத்து வருடத்துக்கு 100 முதல் 250 பவுண்டு. கிளப் படகுகளைப் பயன்படுத்தும் உரிமை இதில் அடங்கும். சொந்தப் படகை அங்கே அடுக்கி வைக்க வேண்டுமென்றால் அதற்குத் தனி வாடகை.

இரண்டாவது, தேசியச் சங்க உறுப்பினர் கட்டணம். முன்பு பிரிட்டிஷ் கனூயிங் என்று இருந்தது. இப்போது பேடில் யு.கே. என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பழைய வழிகாட்டிகளில் பழைய பெயர் இருக்கும், குழம்ப வேண்டாம். பெரியவர்களுக்கு வருடத்துக்கு 50 பவுண்டை ஒட்டி வரும். இதற்குள் இரண்டு முக்கியமான விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, மூன்றாம் நபர் காப்பீடு: உங்கள் படகு யார்மீதாவது மோதிக் கேடு விளைந்தால் காக்கும். உங்கள் படகு உடைந்தால் இதில் ஒரு பென்னிகூட வராது. இன்னொன்று, நீர்வழி உரிமம். இங்கிலாந்தின் கால்வாய்களிலும் தேம்ஸ் போன்ற ஆறுகளிலும் எஞ்சின் இல்லாத சின்னப் படகுக்குக்கூட உரிமம் வேண்டும். தனியாக வாங்கினால் அதுவே கிட்டத்தட்ட இந்தக் காசு வரும். உறுப்பினர் அட்டையை ஃபோனில் ஒரு படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லாக்கில் (படகுகளை ஏற்றி இறக்கும் நீர்க்கதவில்) நிற்கும் ஊழியர் கேட்டால் காட்ட வேண்டும்.

கிளப்புக்குக் காசு கட்டிவிட்டோமே, எல்லாம் அதில் அடக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் முதல் பந்தயத்தன்று பதிவு மேசையில் இருந்த பெரியம்மா என் உறுப்பினர் எண்ணைக் கேட்டார். கிளப் எண்ணைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. ஒருநாள் சீட்டு வாங்கித்தான் இறங்கினேன். எல்லாப் பந்தயத்திலும் அந்த வசதி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

4. படகு: வேகத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்

பந்தய கே-1 படகு 5.2 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது, மாரத்தானுக்கு எடை 8 கிலோவுக்குக் குறையக் கூடாது. கே-2 என்றால் 6.5 மீட்டர், 12 கிலோ. எடையைப் பார்த்தால் ஒரு கையால் தூக்கிவிடலாம் போலிருக்கும். அதில் உட்காருவதுதான் பெரிய பாடு.

பல கிளப்களில் படகின் நிலைத்தன்மையை 1 முதல் 10 வரை எண்ணாகச் சொல்வார்கள். 10 என்றால் டீ குடித்துக்கொண்டே போகலாம். 1 என்றால் ஒலிம்பிக் ஆட்களுக்கு. புதியவர்கள் 8, 9-ல் தொடங்கி, ஒரு கோடை முழுக்க அதில் ஓட்டி, பிறகு 7, பிறகு 6 என்று இறங்க வேண்டும். எங்கள் பயிற்சியாளர் வைத்திருக்கும் விதி: காற்றடிக்கும் நாளில், மோட்டார் படகு அலை எழுப்பிவிட்டுப் போன பிறகும் பேச்சை நிறுத்தாமல் ஓட்ட முடிந்தால், அடுத்த எண்ணுக்கு இறங்கலாம். நான் வாங்கிய படகு 2. இப்போது நான் ஓட்டுவது 5. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நெலோ நிறுவனத்தின் வைப்பர் வகைப் படகுகளில் பெயரோடு 55, 51, 48, 46 என்று எண் வரும். அதை நிலைத்தன்மை எண்ணோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது அகலக் கணக்கு. எண் பெரிதானால் படகு அகலம், ஆட்டம் குறைவு.

முதல் வருடம் முழுக்கக் கிளப் படகு போதும். இரண்டாம் வருடம் வாங்கலாம். பழைய கே-1 200 முதல் 600 பவுண்டுக்குள் கிடைக்கும். புதிது, அதிலும் கார்பன், ஆயிரக்கணக்கில் போகும். பழையதை வாங்கும்போது மூன்று இடங்களைத் தடவிப் பாருங்கள். அடியில் சுக்கான் இணையும் இடத்தைச் சுற்றி விரிசல் இருக்கிறதா? இருக்கை பொருந்தும் தண்டவாளம் ஆடுகிறதா? முன்னும் பின்னும் மிதவைப் பஞ்சோ காற்றுப்பையோ இருக்கிறதா? கவிழ்ந்து தண்ணீர் நிரம்பினாலும் படகு மூழ்காமல் மிதந்தே ஆக வேண்டும். அது இல்லாமல் பந்தயத்தில் இறங்க விடமாட்டார்கள். முக்கியமாக, உட்கார்ந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். விற்பவர் ஆற்றோரம் வரச் சம்மதிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், வேறு படகு வரும்.

காரில் ஏற்றும் வேலையும் உண்டு. கூரைக் கம்பியில் மெத்தைபோன்ற தாங்கி, அகலப் பட்டை இரண்டு, முன்னும் பின்னும் ஒவ்வொரு கயிறு. பட்டையை மூச்சுப் பிடித்து இறுக்காதீர்கள்; படகின் அடிப்பாகம் முட்டை ஓடுமாதிரி. காருக்குப் பின்னால் ஒரு மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால், நுனி பின்னால் வருபவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது சாலை விதி. பளிச்சென்ற துணியைக் கட்டிவிடுங்கள்.

5. துடுப்பும் துணிமணியும்

பந்தயத் துடுப்பு சிறகு வகை. இலை தட்டையாக இல்லாமல் கரண்டிபோல் குழிந்திருக்கும். நீளம் பெரும்பாலும் 210 முதல் 220 சென்டிமீட்டருக்குள். நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற பழைய துடுப்பாக வாங்கினால் 100 முதல் 200 பவுண்டில் முடியும். இரண்டு இலைகளும் ஒன்றுக்கொன்று திரும்பியிருக்கும். எந்தக் கை அதைத் திருப்புகிறது என்பதைப் பொறுத்து வலக்கை வகை, இடக்கை வகை என்று இரண்டு உண்டு. மிகப்பெரும்பாலோர் வலக்கை வகைதான் பிடிக்கிறார்கள், எழுதுவது இடக்கையாக இருந்தாலும்கூட. மலிவாக ஒரு துடுப்பு கண்ணில் பட்டால், அது இடக்கை வகையா என்று முதலில் கேளுங்கள். மலிவுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

துணியில் பருத்தி வேண்டாம். நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். ஓட்டக்காரர்கள் போடும் செயற்கை இழைச் சட்டை, மேலே மெல்லிய காற்றுத்தடை மேலாடை, பழைய ஓட்டக் காலணி, கம்பளித் தொப்பி. இவ்வளவு போதும். குளிருக்குக் கையுறை போட்டால் துடுப்பின் பிடி தெரியாது. அதற்குத் துடுப்பின் தண்டிலேயே மாட்டும் போகீஸ் என்ற உறை இருக்கிறது. உள்ளே வெறுங்கையை விட்டுக்கொள்ளலாம். 20 பவுண்டை ஒட்டிய விலை. நம் கைகளுக்கு அது அவசியம், சொல்லிவிட்டேன்.

மிதவைச் சட்டையைப் பெரிய ஆட்கள் சிலர் போடாமல் போவதைப் பார்ப்பீர்கள். அவர்களைப் பார்த்துக் கழற்றாதீர்கள்.

6. ஒழுங்காகக் கவிழப் பழகுங்கள்

எல்லாரும் கவிழ்வோம். கவிழ்ந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம்.

பந்தயக் கயாக்கில் குழி பெரிது. கவிழ்ந்ததும் நீங்களாகவே வெளியே வந்துவிடுவீர்கள். அந்த பயம் வேண்டாம். வெளியே வந்ததும் நம் கை தானாகவே செய்யும் தப்பு, படகை நிமிர்த்துவது. நிமிர்த்தினால் குழி வழியாகத் தண்ணீர் நிரம்பி, 10 கிலோ படகு 100 கிலோ ஆகிவிடும். கவிழ்ந்தபடியே விடுங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று அதை மிதக்க வைக்கும். ஒரு கையில் துடுப்பு, மறு கையில் படகின் நுனி, காலை உதைத்து அருகிலிருக்கும் கரைக்கு. கரையில் இன்னொருவர் இருந்தால் ஆளுக்கு ஒரு முனை பிடித்து, சீசா மாதிரி ஒரு பக்கம் உயர்த்தி மறு பக்கம் தாழ்த்தினால் தண்ணீர் கொட்டிவிடும். நிமிர்த்தித் தரையில் வைக்கும்போது சுக்கான்மேல் வைத்துவிடாதீர்கள். வளைந்த சுக்கானோடு படகு ஓட்டுவது, சக்கரம் கோணிய சைக்கிள் ஓட்டுவதுபோலத்தான்.

ஏறும்போதும் இறங்கும்போதும் படகின் முகம் நீரோட்டத்துக்கு எதிராக இருக்க வேண்டும். உட்காருவதற்கு முன்பே கால் தாங்கியைச் சரிசெய்துகொள்ளுங்கள். முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இருக்கும் சின்னக் கம்பிதான் சுக்கானைத் திருப்பும். முதல் வாரம் அதைத் தொடாமலே ஓட்டுங்கள்.

7. ஆறு சொல்வதைக் கேளுங்கள்

தேம்ஸில் ஒவ்வொரு லாக்கிலும் வெள்ள நேரத்தில் பலகை மாட்டுவார்கள். சிவப்புப் பலகை என்றால் நீரோட்டம் பலம், எந்தப் படகும் போக வேண்டாம் என்று அர்த்தம். மஞ்சளில் இரண்டு வகை: நீரோட்டம் கூடுகிறது என்றிருந்தாலும் சரி, குறைகிறது என்றிருந்தாலும் சரி, துடுப்புப் படகுகள் போக வேண்டாம் என்றுதான் அர்த்தம்; குறையும்போது கவனத்தோடு போகலாம் என்பது எஞ்சின் படகுகளுக்கு மட்டும். அந்தத் தகவல் சுற்றுச்சூழல் முகமையின் இணையதளத்திலும் இருக்கும். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். ஜனவரியில் வாரக்கணக்கில் சிவப்பு தொங்கும். டெடிங்டனுக்குக் கீழே கடல் ஓதத்தால் தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும் பகுதி வருகிறது. அதற்கு விதிகள் வேறு, முதல் வருடம் தனியாக அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஆற்றில் எப்போதும் நீங்கள் போகும் திசைக்கு வலப்பக்க ஓரம் பிடித்துப் போங்கள். இந்த ஊர்ச் சாலைக்கு நேர் எதிர். எட்டுப் பேர் துடுப்பு வலிக்கும் நீளப் படகுகள் வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். துடுப்பு வலிப்பவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறார்கள், உங்களைப் பார்க்க மாட்டார்கள்.

பிறகு எலிக்காய்ச்சல். நம் ஊர் வயல்காரர்களுக்குத் தெரிந்த அதே நோய்தான்; இங்கே வீல்ஸ் நோய் என்பார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர், தோலில் இருக்கும் கீறல் வழியாக ஏறும். கையில் கொப்புளம் உடைந்திருந்தால் நீர்புகாப் பிளாஸ்திரி போடுங்கள், திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். ஆற்றுக்குப் போய்வந்து ஒன்றிரண்டு வாரத்தில் கடுங்காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால், ‘நான் கயாக் ஓட்டுகிறவன்’ என்று டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

8. முதல் பந்தயம்: டிவிஷன் 9

ஹாஸ்லர் வரிசைப் பந்தயங்கள்தான் இந்த விளையாட்டின் அடிவாசல். நாடு முழுக்க வட்டாரவாரியாக ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். ஒன்பது டிவிஷன் உண்டு. புதியவர் 9-ல் தொடங்குவார். 9, 8, 7 டிவிஷன்களுக்குச் சுமார் 4 மைல். 6, 5, 4-க்குச் சுமார் 8 மைல். 3, 2, 1-க்குச் சுமார் 12 மைல். நன்றாக ஓட்டினால் நேரத்தைப் பார்த்து மேலே ஏற்றுவார்கள். இளைஞர், முதியவர், ஆண், பெண் எல்லாரும் ஒரே டிவிஷனில் ஒன்றாகத்தான் புறப்படுவார்கள். என் முதல் பந்தயத்தில் எழுபது தாண்டிய ஒரு தாத்தாவும் பன்னிரண்டு வயதுப் பெண்ணும் என்னைத் தாண்டிப் போனார்கள். தாத்தா போகிறபோக்கில் ‘மூச்சு விடு, மகனே’ என்பதுபோல ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரலில் தொடங்கியவர் செப்டம்பர், அக்டோபரில் முதல் பந்தயத்துக்குத் தயாராகிவிடலாம். நிற்காமல் ஒரு மணி நேரம் ஓட்ட முடிந்தால் போதும். 4 மைல் என்பது ஆறரைக் கிலோமீட்டர். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 48 நிமிடம். எனக்கு 58 ஆயிற்று.

பதிவுக்கு வேண்டியவை: தேசிய உறுப்பினர் எண், கிளப் பெயர், டிவிஷன், அவசரத் தொடர்புக்கு ஒரு ஃபோன் எண், ஆஸ்துமா போன்ற உடல்நிலைக் குறிப்பு. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதக் கையெழுத்து. பல கிளப்களில் அணித்தலைவர் எல்லாருக்கும் சேர்த்துப் பதிவு செய்வார். அவருக்கு முந்தைய வாரத்துக்குள் பெயர் கொடுத்துவிட வேண்டும். கட்டணம் 10 பவுண்டுக்கு முன்னே பின்னே. சிறு பிள்ளைகளுக்கு லைட்னிங் என்ற குட்டிப் படகில் தனிப் பந்தயம் உண்டு. குடும்பத்தோடு போனால் அவர்களையும் இறக்கிவிடலாம்.

9. பந்தயத்தன்று

புறப்படும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பு போய்ச் சேருங்கள். கார் நிறுத்த இடம் கிடைக்காது, கழிப்பறை வரிசை நீளும், படகு எண்ணட்டை வாங்க இன்னொரு வரிசை. அட்டையைப் படகின் பின்பக்கத்தில் உள்ள பிடிப்பில் செருக வேண்டும். கிளப் படகில் அந்தப் பிடிப்பு உடைந்திருக்கலாம். பையில் ஒரு டேப் சுருள் போட்டுக்கொள்ளுங்கள். அந்த டேப் பத்து விஷயத்துக்கு உதவும்.

புறப்படும்போது பின்வரிசையில் நில்லுங்கள். முன்வரிசையில் இருபது படகு ஒன்றாகப் பாயும்போது எழும் அலை, புதியவரைக் கவிழ்ப்பதற்கென்றே செய்ததுபோல இருக்கும். ஒரு நிமிடம் பொறுத்தால் தண்ணீர் அடங்கிவிடும். திரும்பும் மிதவையை வழக்கமாக இடக்கைப் பக்கம் வைத்துச் சுற்ற வேண்டும். புறப்படும் முன் தரும் விளக்கத்தில் அதைச் சொல்வார்கள், காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

அப்புறம், அலைச்சவாரி. முன்னால் போகிறவரின் படகுப் பக்கவாட்டில் விழும் அலைமேல் உங்கள் படகின் மூக்கை ஏற்றி வைத்துக்கொண்டால், அது உங்களை இழுத்துக்கொண்டே போகும். மூக்கு அவர் இடுப்புக்கு நேராக இருக்க வேண்டும். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, மாரத்தானே இதை வைத்துத்தான் ஓடுகிறது. முதல் தடவை அது சிக்கும்போது, பேருந்து தானாக வந்து ஏற்றிக்கொண்டதுபோல் இருக்கும். ஆனால் ஓசியிலேயே கடைசிவரை போய்விட்டுக் கோட்டுக்குப் பக்கத்தில் தாண்டினால் முகத்தைச் சுளிப்பார்கள். கொஞ்ச தூரம் நீங்களும் முன்னால் போய் இழுங்கள்.

10. போர்ட்டேஜ்: தூக்கிக்கொண்டு ஓடு

கால்வாயில் லாக் வந்தால் படகிலிருந்து இறங்கி, படகைத் தூக்கிக்கொண்டு ஓடி, அந்தப் பக்கம் மறுபடி இறங்க வேண்டும். இதுதான் போர்ட்டேஜ். கீழ் டிவிஷன்களில் பெரும்பாலும் இருக்காது. மேலே ஏற ஏற இது வரும். ஆற்றில் ஒருவரோடு ஒருவர் ஒட்டி வந்தவர்கள் பிரிவது பல தடவை இங்கேதான்.

நான் பழகியது இப்படி. கரை வருவதற்குப் பத்துத் துடுப்பு முன்பே கால் பட்டையைத் தளர்த்தி, முழங்காலை மேலே கொண்டுவந்துவிடு. கரையை உரசும்போது துடுப்பைக் கரைமேல் வை. கரைப்பக்கக் கையைத் தரையில் ஊன்று, மறு கை குழியின் விளிம்பில். எழு, கரைப்பக்கக் காலை முதலில் வை. நின்றுகொண்டு யோசிக்காதே, ஒரு கால் படகிலும் ஒரு கால் கரையிலும் இருக்கும்போது யோசித்தவன் எல்லாரும் நனைந்தவன்தான். பிறகு குழியின் விளிம்பைப் பிடித்துத் தூக்கித் தோளில் போட்டு ஓட வேண்டும். மறுபக்கம் படகைத் தண்ணீரில் வைக்கும்போது பின்பக்கச் சுக்கான் கல் விளிம்பில் இடிக்காமல் முதலில் தள்ளி வை.

பிப்ரவரிச் சேற்றில் அந்த விளிம்பு சவர்க்காரம் மாதிரி வழுக்கும். காலணியில் பிடிமானம் இல்லாவிட்டால் அவ்வளவுதான். ஆற்றுக்குப் போகாத நாளில் வீட்டருகே புல்வெளியில் படகைத் தோளில் வைத்து 200 மீட்டர் ஓடிப் பழகுங்கள். அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

11. வெஸ்ட்மின்ஸ்டர் பந்தயம் எப்போது?

இந்தப் பக்கம் வந்த எவரும் ஆறு மாதத்துக்குள் கேட்கும் கேள்வி. டிவைசஸிலிருந்து லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் வரை 125 மைல், 77 போர்ட்டேஜ், ஒவ்வொரு ஈஸ்டருக்கும். ரெடிங் வரை கால்வாய், அதற்கப்புறம் தேம்ஸ். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கே-2-வில் இரவும் பகலும் நிற்காமல். இன்னொன்று, புனித வெள்ளி முதல் ஈஸ்டர் திங்கள் வரை நாலு நாளாகப் பிரித்து: முதல் நாள் டிவைசஸ் முதல் நியூபரி வரை 34 மைல், கடைசி நாள் ஓதம் ஏறி இறங்கும் 17 மைல். நிற்காமல் போகும் வகையின் சாதனை 1979-ல் பிரையன் கிரீன்ஹாமும் டிம் கார்னிஷும் எடுத்த 15 மணி 34 நிமிடம். சாதாரண ஆட்களுக்கு 24 மணி நேரத்துக்குப் பக்கம் வந்துவிடும்.

முதல் வருடம் வேண்டாம். இரண்டாம் குளிர்காலத்தில் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும் வாட்டர்சைடு வரிசையின் நாலு பந்தயங்களை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட நீளம். கடைசி ‘டி’ பந்தயம் டிவைசஸ் முதல் நியூபரி வரை அதே 34 மைல். அதை முடித்துவிட்டு அடுத்த நாள் படி இறங்க முடிகிறதா என்று பார்த்து முடிவெடுங்கள்.

நேரக் கணக்குத்தான் இதில் பெரிய பொறி. நிற்காமல் போகிறவர்கள் டெடிங்டனை ஓதம் இறங்கத் தொடங்கும் நேரத்துக்குச் சரியாகச் சேர வேண்டும். தவறவிட்டால் அடுத்த இறக்கம் வரை, நடுங்கிக்கொண்டு, மணிக்கணக்கில் கரையில் உட்கார வேண்டியதுதான். எனவே டிவைசஸில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதை டெடிங்டனிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எடுக்க வேண்டும். உங்கள் வேகத்தைக் கூட்டிச் சொல்லி உங்களையே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள்.

செலவிலும் இது வேறு கணக்கு. நுழைவுக் கட்டணத்தோடு, இரவு முழுக்கக் காரில் பின்தொடர்ந்து வரும் துணைக்குழுவின் பெட்ரோல், சாப்பாடு, விளக்குகள், மாற்றுத் துணி எல்லாம் சேரும். துணைக்குழுவில் இரண்டு பேராவது இரவில் கார் ஓட்டத் தெரிந்தவராக இருக்கட்டும். எந்த லாக்கில் கார் நிறுத்த முடியும் என்பதை முந்தின வாரமே பகல் வெளிச்சத்தில் போய்ப் பார்த்துவிட வேண்டும். சாப்பாட்டில் ஒரு தகவல்: சாக்லேட் பட்டைகளும் இனிப்பு ஜெல்லும் பத்து மணி நேரத்துக்கு மேல் தொண்டையில் இறங்காது. நான் நாலு நாள் வகையில் போனபோது, எலுமிச்சைச் சாதத்தை நெல்லிக்காய் அளவு உருண்டையாக உருட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி ஞெகிழித்தாளில் முறுக்கிக் கொடுக்கச் சொல்லியிருந்தேன். நடுங்கும் விரலால் பிரிக்க முடியவில்லை. அடுத்த நாளிலிருந்து தாள் இல்லாமல், ஓடும்போதே துணைக்கு வந்தவர் நேராக வாயில் போட்டுவிட்டார்.